ஸ்டார் போடாத வீடு

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார் வருஷத்தில் பதினோரு மாதம் பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் கிடக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை நாங்கள் அட்வெந்து என்போம். ஆண்டவர் வருகிறார் என்று காத்திருக்கிற நாட்கள். அதில் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும், சாப்பிடக்கூட உட்காராமல் என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்குவார். லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுடையது இரண்டாம் மாடி. பால்கனிக் கம்பியில் எப்போதும் கட்டியிருக்கும் மூங்கில் கழியின் நுனியில் அந்தச் சிவப்புக் காகித ஸ்டாரைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு பல்பும் போட்டுவிட்டால் டில்லி மூடுபனியிலும் தெருமுனை வரை தெரியும். டிசம்பரில் சாமான் கொண்டுவரும் பையாக்களுக்கு எங்கள் பிளாக் நம்பரே வேண்டாம். ‘ஸ்டார்வாலா பில்டிங்’ என்றால் போதும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிறன்று அவர் ஸ்டூலைத் தூக்கியபோது நான் தடுத்தேன்.

“இப்ப வேண்டாம். கழுத்துல தையல் இருக்கு, கைய ஒசத்தாதிய.”

“பிளாஸ்திரி தானட்டி ஒட்டியிருக்கு, தலையவா வெட்டி ஒட்டியிருக்கு?” என்றார். அவருக்கு எதிலும் கேலி. ஆனாலும் ஸ்டூலை வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவரிடமும் சொல்லவில்லை, எனக்கே கூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் சவரம் செய்யும்போது கழுத்தின் இடது பக்கம் ஒரு சின்ன உருண்டையை அவர் கண்டுபிடித்தார். “நெறி கட்டியிருக்கு, தானா போயிரும்” என்றார். போகவில்லை. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, “ஒன்றை முழுசாக எடுத்து அனுப்பினால்தான் தெரியும்” என்றார்கள். நவம்பர் கடைசியில் எடுத்தார்கள். ரிப்போர்ட் வர மூன்று வாரத்துக்கு மேலே ஆகும், கூடுதலாக ஒரு பரிசோதனை இருக்கிறது என்று அந்த டாக்டர் ஹிந்தியில் சொன்னபோது, அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னார். நான் செக்‌ஷன் ஆபீசர். கெட்ட செய்தி இருக்கிற ஃபைலை எப்படிப் பார்வையைத் தாழ்த்தி நகர்த்துவோம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆரம்பித்தது பயம்.

எங்கள் ஊர்ப் பக்கம், அதாவது திருநெல்வேலிக்குத் தெற்கே கிறிஸ்தவர்களுக்குள், ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் போட மாட்டார்கள். அடுப்பில் எண்ணெய்ச்சட்டியும் வைக்க மாட்டார்கள். அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து எதுவும் கிடையாது. சபையார்தான் டப்பா டப்பாவாகப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். டில்லிக்கு வந்தும் இதை நாங்கள் விடவில்லை. ஊரில் தெரு முழுக்க ஸ்டார் தொங்கும்போது ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால், விசாரிக்கவே வேண்டாம், எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

எனக்குப் பதினேழு வயதில் எங்கள் வீடு அப்படி ஆயிற்று. ஆனால் அதற்குள் ஸ்டார் போட்டாகியிருந்தது. அம்மா அடுக்களையில் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள், நான் சர்க்கரை பொடித்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் வந்தது. அப்பா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றாமல் எண்ணெய் கருகிப் புகைந்தது. மறுநாள் காலையில் ஸ்டாரைக் கழற்றச் சொல்லி என்னைத்தான் ஏற்றிவிட்டார்கள். நான் ஸ்டூலில் நின்று முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்ததில் காகிதம் கிழிந்தது. அதற்கு அழுதேனா அப்பாவுக்கு அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆக, மீதிப் பாதி உண்மை இதுதான். ஏற்றினால் இறக்க வேண்டி வரும் என்று பயந்தேன். ஏற்றாத ஸ்டாரை யாரும் இறக்கச் சொல்ல முடியாதே. படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க வேலை பார்த்து, சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிற ஒருத்தியின் புத்தி இது. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் கேரல் லிஸ்ட் எழுதினார்கள். எங்கள் தமிழ்ச் சபை ஆட்கள் நொய்டாவிலிருந்து துவாரகா வரை சிதறிக் கிடக்கிறவர்கள். அதனால் எந்த நாளில் எந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போவது என்று முன்கூட்டியே எழுதி, வேனும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு ஓர் அக்கா. ரிட்டையரான நர்ஸ், எங்கள் ஊர்ப் பக்கம்தான். நோட்டும் பேனாவுமாக என் முன்னால் வந்து, “லோதி ரோடு இருபதாந்தேதி போட்டுறட்டா?” என்று கேட்டார்கள்.

“இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வேண்டாம்க்கா” என்றேன்.

அக்காவின் பேனா நின்றது. என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன். “சரிம்மா, சரி” என்று என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

அந்த அழுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. எங்கள் ஆட்களிடம் ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்றால் ஒரே அர்த்தம்தான். யார், எப்போது என்று வாசலில் நிற்க வைத்துக் கேட்பது மரியாதை இல்லை என்று அக்கா கேட்கவில்லை. ‘அப்படி ஒன்றும் இல்லை அக்கா’ என்று நாலு எட்டு நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். கேட்டால் கழுத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது நிஜமாகிவிடும். நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டே போயின. காலையில் எழுந்ததும் காற்றின் மாசு எவ்வளவு என்று போனில் பார்ப்பேன். பிறகு அவர் கழுத்தைப் பார்ப்பேன். அவர் குனிந்து ஷூ மாட்டினால் கழுத்து, நிமிர்ந்து காப்பி குடித்தால் கழுத்து. “என்னட்டி, தாலி கட்டப் போறியா எனக்கு?” என்பார். ஆபீசுக்கு நடந்துதான் போவேன். மூடுபனியில் முன்னால் போகிறவர்கள் பத்தடியில் மறைந்துபோவார்கள். அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடப்பேன். ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து போன் வந்ததாக நினைத்து எடுத்தால் ஏதாவது ஒரு பாங்க்கில் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். ஒருமுறை அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டேன். பாவம், அவளும் பிழைப்புக்குத்தானே கூப்பிடுகிறாள்.

மகளுக்கு அப்போது பத்து வயது. கழுத்தில் கொழுப்புக்கட்டி எடுத்தார்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். டில்லியிலேயே பிறந்தவள், தமிழையும் ஹிந்தியையும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடுவாள். “அம்மா, ஸ்டார் எப்போ லகாணும்? அச்சா, இந்தத் தடவ நான் லகாக்கட்டுமா?” என்று தினமும் கேட்டாள். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்றேன். கீழ் வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர், மத்திய அரசிலேயே தலை நரைத்தவர். அவரும் படியில் நிறுத்திக் கேட்டார்.

“என்ன மேடம், நட்சத்திரம் இன்னும் ஏத்தலையா? பிளாக்கே சோபையில்லாம இருக்கு.”

“ஒயர் ரிப்பேர் சார்” என்றேன். அட்வெந்து நாளில் பொய்யும் சேர்ந்துகொண்டது.

சண்டே ஸ்கூலில் அந்த மாதம் நான் எடுத்தது தேவதூதன் பாடம். மரியாளிடம் வந்தாலும் சரி, யோசேப்பின் கனவில் வந்தாலும் சரி, வயல்வெளியில் மேய்ப்பர்களிடம் வந்தாலும் சரி, தூதன் வாயைத் திறந்ததும் பயப்படாதே என்றுதான் ஆரம்பிக்கிறான். பிள்ளைகள் அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு வரிசையாக நின்று, தமிழ் வாசிக்க வராததால் ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, “பயப்படாதே, பயப்படாதே” என்று கத்தின. எனக்கு எரிச்சலாக வந்தது. சிறகு இருக்கிறவனுக்குச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டுப் பறந்து போய்விடுவான். வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவள் அல்லவா ஊர் முகத்தில் விழிக்க வேண்டும். தேவன் நம்மை நேசிக்கிறார் என்று அதே வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் அவரிடம் சண்டை போட்டேன். என் அப்பாவையும் நேசித்தீர்தானே, அம்மா அச்சுமுறுக்கு சுடும்போதுதான் கூப்பிட வேண்டுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வராததும் பயமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு மத்தியானம். நான் அடுக்களையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். மகள் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, அவர் போய்க் கதவைத் திறந்தார்.

கேரல் அக்கா, கூட இரண்டு பெண்கள், பின்னால் எங்கள் போதகர். பெண்கள் மூன்று பேரும் வெளிறிய புடவை, பூ இல்லை. கையில் இரண்டு பெரிய தகர டப்பா. நான் அடுக்களை வாசலிலிருந்து பார்த்த மாத்திரத்தில் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா உள்ளே வந்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். கண் நிறைந்துவிட்டது.

“உடனே வர முடியல தம்பி, மன்னிச்சுக்கிடுங்க. அம்மாவா?”

அவருடைய அம்மா ஊரில் அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். எண்பது வயது.

“அம்மாவுக்கு என்னக்கா? யாரு சொன்னா? எப்ப?” என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பையில் போனைத் தேடினார். கை பைக்குள் போகவே இல்லை, வெளியிலேயே தடவியது.

அக்கா மிரண்டுவிட்டார்கள். “அம்மா இல்லையா? அப்ப யாரு தம்பி?”

“யாரும் சாகலக்கா” என்றேன் நான். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். “யாரும் சாகல. அத்தை நல்லா இருக்காவ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பின்னே ஏம்மா இந்த வருஷம் வேண்டாம்னு சொன்ன?” என்று அக்கா கேட்டார்கள். கோபம் இல்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பால்கனியைப் பார்த்தார். கழி மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கை மெதுவாகக் கழுத்துப் பிளாஸ்திரிக்குப் போயிற்று. பதின்மூன்று வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினவர். விளக்கம் தேவைப்படவில்லை.

“எனக்கா?” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“அப்பாக்கு க்யா ஹுவா? என்ன ஆச்சு?” என்று மகள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

என் வீட்டுக்காரர்தான் பேசினார். “உக்காருங்க ஐயா. அக்கா, உக்காருங்க. வந்தது வந்துட்டிய.” கழுத்து விஷயத்தை அவரே நாலு வரியில் சொன்னார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றார். பிறகு குனிந்து ஒரு டப்பாவைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தார். “என் காரியத்துக்கு வந்த பலகாரத்த நானே திங்கப் போறேன். யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கடித்தார். பொடி சட்டையெல்லாம் விழுந்தது, தட்டிவிடாமல் மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பட்டது, இந்த மனுஷனும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். செப்டம்பரிலிருந்து அத்தனை கேலியும் அதுதான். வீட்டில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து, அந்தப் பயத்தைப் பத்திரமாக எனக்கென்று பூட்டி வைத்திருந்தேன்.

போதகர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். எழுந்து நின்று, “ஆண்டவரே, இந்த வீட்டில் எல்லோரும் பயந்திருக்கிறார்கள், உமக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார். பிறகு ஆமென் என்றார். படியிறங்கும்போது அக்கா என் தோளைத் தட்டி, “டப்பா மெதுவா குடு, அவசரமில்ல” என்றார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அவர் என்னிடம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நான் இருக்கும்போதே என்ன இல்லாம ஆக்கிட்டியேட்டி.”

“பயமா இருந்திச்சு.”

“எனக்கு இல்லையா? தெனமும் கண்ணாடியில நாந்தான அதப் பாக்குதேன்.”

அழுதேன். பட்டாணித் தோலெல்லாம் மடியில் கிடக்க, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, பொய் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். இது கெட்ட வியாதியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பயம், அதனால்தான் அம்மா ஸ்டார் போடவில்லை என்றார்.

“தோ இப்போ லகாலாமா?” என்றாள்.

அவர் கை உயர்த்தக் கூடாது. பதினேழு வயதிலிருந்தே என் கால் ஸ்டூலில் ஏறாது. அவள் ஏறினாள். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சை அவள் ஷூ லேஸ் கட்டுவது மாதிரி சுருக்கிட்டுக் கட்டினாள். இழுத்தால் சுலபமாக அவிழ்ந்துவிடும் முடிச்சு. அது நல்லதா கெட்டதா என்றுகூட என் மனசு கணக்குப் போட்டது. பல்பு எரிந்ததும் கீழே பால்கனியிலிருந்து ஐயர் குரல் கொடுத்தார். “ஒயர் சரியாயிடுத்தா மேடம்?”

“ஆச்சு சார்” என்றேன்.

பயம் குறையவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கூடியது. முன்பு ரிப்போர்ட்டுக்கு மட்டும் பயந்தேன். இப்போது தலைக்கு மேலே தொங்குகிற அந்தச் சிவப்பையும் பார்த்துப் பயந்தேன். அவரோ அக்காவுக்குப் போன் போட்டு, எங்களைத் திரும்ப லிஸ்டில் சேர்க்கச் சொன்னார். எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் மிச்சம் இருந்தது. ரிப்போர்ட் வருகிற அதே நாள்.

“அன்னைக்கா? அன்னைக்கு ரிப்போர்ட்டுல்லா!” என்று போனைப் பிடுங்கப் போனேன்.

“தெரிஞ்சுதான் சொல்லுதேன்” என்றார்.

டப்பா விஷயம் ஒன்று இருக்கிறது. துக்க வீட்டுக்கு வந்த பலகார டப்பாவைக் காலியாகவே திருப்பிக் கொடுக்கலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். மற்ற வீடுகள் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அக்காவின் இரண்டு டப்பாவையும் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அவை என்னைக் கேட்டன, நீ எந்த வீடு என்று. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே நம் ஊர்ச் சாமான் கடையில் பச்சரிசி மாவும் தேங்காயும் எள்ளும் வாங்கினேன். அச்சு என்னிடம் இருந்தது, அம்மாவுடையது. அவள்தான் கல்யாணத்துக்குக் கொடுத்தாள். வருஷா வருஷம் நான் கேக் மட்டும் செய்து தப்பித்து வந்தேன். எண்ணெய்ச்சட்டி வைத்து டிசம்பரில் பலகாரம் சுட்டது அதுவரை கிடையாது.

ரிப்போர்ட்டுக்கு முந்தின நாள் லீவு போட்டேன். எண்ணெய் காய்ந்து அந்த வாசனை வந்ததும் எனக்குப் பதினேழு வயதாகிவிட்டது. அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி, மாவில் முக்கால்வாசி முக்கி, திரும்ப எண்ணெயில் விட வேண்டும். சூடு பத்தாவிட்டால் மாவு கழன்று வராது. முதல் நாலு பிய்ந்துபோயின. ஐந்தாவது மெதுவாகக் கழன்று பூவாக விரிந்தபோது போன் அடித்தது.

திரையில் அம்மா பெயர். நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இந்தத் தடவை யார் என்று மட்டும் மனசு கேட்டது. முதலில் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு யாரும் அணைக்கவில்லை அல்லவா, நான் அணைத்தேன். பிறகு எடுத்தேன்.

“ரிப்போர்ட் வந்துட்டாட்டி?” என்றாள் அம்மா. அந்த ஞாயிறு ராத்திரிதான் அவளிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

“நாளைக்கும்மா.”

“என்ன செய்யுத?”

“அச்சுமுறுக்கு சுடுதேன்.”

அப்பா போன நாளிலிருந்து அவளும் சுட்டதில்லை. “மாவுல கொஞ்சம் தேங்காப்பால் கூட்டிக்கோ, கழண்டு வரும்” என்றாள். போனை வைக்காமலே, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, மீதி மாவு முழுவதையும் சுட்டு முடித்தேன். எண்ணெயின் சத்தத்தை அவள் அங்கே கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ரிப்போர்ட் கெட்டதாகவே வந்தது. ரத்தம் சம்பந்தப்பட்ட ஒரு வகைப் புற்றுநோய். இந்த முறை டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தே சொன்னார். மருந்து இருக்கிறது, ஆறு மாதம், ஜனவரியில் ஆரம்பிக்கலாம், பெரும்பாலும் கேட்கும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வெறுத்ததில்லை. வெளியே நடைவழியில் ஓர் இரும்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. நான் முழங்காலில் கை வைத்ததும் நின்றது.

“எத்தன மணிக்கு வாராவ?” என்று கேட்டார்.

“யாரு?”

“கேரல்.”

“வேண்டாம்னு சொல்லிரட்டா?” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. டிரம், கிடார், சிவப்பு அங்கி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராக இருபது பேர் எங்கள் சின்ன ஹாலில் நெருக்கியடித்து நின்றார்கள். கீழ் வீட்டு ஐயரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பாடினார்கள். என் வீட்டுக்காரர் பிளாஸ்திரிக் கழுத்தோடு சுருதி சேராமல் கூடவே பாடினார். நான் பாடவில்லை. அன்றைக்குப் பகலில் கேட்ட ‘பெரும்பாலும்’ காதுக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. பயப்படாதே என்று தூதன் சொன்ன எல்லோருமே பயந்தவர்கள். பயமில்லாத வீடாகப் பார்த்து அவன் போகவில்லை. ஆண்டவரும் அப்படித்தான் வந்தார், பயந்துபோயிருந்த ஒரு வீட்டுக்கு, பிள்ளையாக. தேவனின் அன்பைப் பற்றி நான் எத்தனையோ வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எங்கள் ஹாலில் ஸ்வெட்டர் வாசனையோடு நின்றது.

புறப்படும்போது இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தேன். காலி டப்பா என்று நினைத்து லேசாக வாங்கப் போனவர்களுக்குக் கனத்தில் கை தாழ்ந்துபோயிற்று. மூடியைத் திறந்து பார்த்தார்கள். அச்சுமுறுக்கு விளிம்பு வரை இருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்து, மெதுவாக, “நல்ல ரிப்போர்ட்டாம்மா?” என்று கேட்டார்கள்.

“இல்லக்கா” என்றேன்.

அக்கா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். பிறகு படியிறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, “எல்லாரும் மேல வாங்க, இன்னும் ஒரு பாட்டு இருக்கு” என்று கூப்பிட்டார்கள்.

ஜனவரியில் எல்லோர் வீட்டு ஸ்டாரும் இறங்கியது, எங்களுடையது இறங்கவில்லை. கடைசி ஊசி போடுகிறவரை அது அங்கேயே கிடக்கட்டும் என்றார் என் வீட்டுக்காரர். ஹோலிக்குக் கலர்த்தண்ணீர் பட்டு ஒரு முனை பச்சையாயிற்று. “ஹோலிக்கும் நட்சத்திரமா சார்?” என்று ஐயர் கேட்டார், ஆனால் ஒருநாள் பல்பு எரியாதபோது அவரே புதுப் பல்பு வாங்கி வந்தார். மே மாதப் புழுதிக்காற்றில் காகிதம் கிழிந்து கம்பிக்கூடு மட்டும் மிஞ்சியது. ஜூனில், தலையில் ஒரு முடியில்லாமல், அவரே ஸ்டூலில் ஏறித் தன் கையால் அதை இறக்கினார்.

இப்போது வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். அது ஏனோ டிசம்பரில்தான் விழுகிறது. இந்த வருஷம் அடுத்த செவ்வாய்க்கிழமை. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஸ்டார் நேற்றே போட்டாயிற்று.